ஐஸ் கொம்பனிச் சுவரில்

கணக்கு மேசைக்கு நேர் எதிரே
ஒற்றை ஆணியில், சற்றே இடப்பக்கம் சரிந்து
பனிக்காலம் தொங்குகிறது.

கறுப்புச் சட்டம். மூலைகளில் பொன்பூச்சு உதிர்ந்தது.
பண்டத்தரிப்பில் யாரோ டொக்டர் வீட்டு ஏலத்தில்
முதலாளி மின்விசிறி இரண்டு எடுக்கப்போய்
சும்மா கிடைத்ததென்று கொண்டுவந்தார்.
விசிறிகள் அந்த வருடமே நின்றுபோயின.
படம் நிற்கிறது.

நீர்வண்ணத்தில் யாரோ தீட்டியதை
எந்த நாட்டிலோ ஆயிரம் பிரதி அடித்ததில் ஒன்று:
இலையில்லாத மரங்கள் நான்கு,
உறைந்த ஆறு, மரப்பாலம்,
புகை வராத புகைபோக்கியோடு ஒரு வீடு.
அதை நோக்கி, எங்களுக்கு முதுகு காட்டி
நடக்கும் ஒருவன்.
தோளில் ஏதோ மூட்டை. விறகு என்பார்கள்.
எமிலியானுஸ் அண்ணைக்கு அது வலை.

விடிய நாலரைக்கு வள்ளக்காரர் வருவார்கள்.
கட்டி வெட்டி முடியும்வரை
வாங்கிலில் குந்தியிருந்து
அவனைப் பார்ப்பார்கள்.

"கால்தடம் எல்லாம் அவனுக்கு முன்னாலை கிடக்கு.
பின்னாலை ஒண்டும் இல்லை."
டிலக்சன் சொன்னான், வேலைக்கு வந்து மூன்றாம் நாள்.
ஏழு வருடம் எதிரே இருந்தும்
நான் காணாதது.
"கீறினவன் பிழை விட்டிட்டான்."
"பிழையில்லையடா. பின்னாலை உள்ளதைப் பனி மூடிப்போட்டுது."
"அப்ப முன்னாலை மட்டும் ஏன் மூடேல்லை?"
கொஞ்ச நேரம்
உள்ளே வாள் அறுக்கும் சத்தம் மட்டும்.

பனியென்றால் எங்களுக்கு
நத்தார் நடுச்சாமப் பூசைக்குப் போகையில்
தலையில் இறங்குவது.
ஐஸ் என்றால்
தகர அச்சில் ஐம்பது கிலோ,
ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் வெள்ளை,
காற்று அடைபட்ட இடம்.

செபஸ்தியின் மகன் நோர்வேயிலிருந்து
ஒருநாள் வீடியோவில் காட்டினான்.
படத்தில் போல் இல்லை.
சாம்பல் நிறம், சேறு, டயர் கோடுகள்,
லொறி ஒன்று உப்பைத் தூவிக்கொண்டு போனது.
"உருகத்தான் அப்பா உப்புப் போடுறது."
மெக்கானிக் தவராசா விழுந்து விழுந்து சிரித்தார்.
ஆனையிறவு உப்பை மூட்டை மூட்டையாய்
தொட்டியில் அவர் கொட்டிக் கலக்குவது
அச்சுத் தண்ணீர் உறையத்தான்.
"அங்கை உருக்கிறதும் இதுதான்
இஞ்சை உறையப் பண்ணுறதும் இதுதான்."
எது சரியென்று கேட்டேன்.
இரண்டும் என்றார். விளக்குவதற்குள்
அமோனியா மணம் அவரைக் கூப்பிட்டது.

சித்திரையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை,
ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை.
கதவுக்குக் கீழால் வழிந்து
றோட்டுவரை போன தண்ணீரை
நாய்கள் நக்கின.
நூற்றுப் பதினெட்டுக் கட்டி.
'உருகினது' என்று கொப்பியில் எழுதிவிட்டு
நிமிர்ந்தேன்.
அங்கே ஆறு அசையவில்லை.
ஒரு சொட்டு இல்லை.
அன்று முதன்முதலாய்
ஒரு படத்தின் மேல் கோபம் வந்தது எனக்கு.

பிறகு மாரி. ஈரம் கண்ணாடிக்குள் ஏறி
வானத்தில் பழுப்புப் புள்ளிகள் பிடித்தன.
காகம் என்றான் டிலக்சன்.
கஸ்தூரியார் வீதிக் கண்ணாடிக் கடைக்காரன்
வெள்ளிக்கிழமை வரச்சொல்லி
நாலு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

டீசல் புகை படிந்த சுவரில்
சட்டம் இருந்த இடம் மட்டும்
பூசிய நாளின் வெள்ளை.
நான்கு மூலை, ஓர் ஆணி.

இன்றும் வந்தார்கள்.
வாங்கிலில் அதே இடங்களில் இருந்து
அதே உயரத்துக்குக் கண்ணை நிமிர்த்தினார்கள்.
பாலம் இல்லை, மரம் இல்லை, வீடும் இல்லை.
யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

எமிலியானுஸ் அண்ணை
பீடியைக் காலில் நசுக்கி எழும்பினார்.
"அவன் போய்ச் சேர்ந்திட்டான் போலை.
பிள்ளை, இருபது கட்டி எழுது.
காசு திங்கள்."